அமீர் துனோவின் மேல் பூசிய சுண்ணாம்பு

துனேரோ குலம் பிறந்தபோது, எந்தப் பக்கம் ஓடுவது என்று சிந்து நதியே இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. சிரியாவின் ஹலப் நகரத்திலிருந்து நாற்பது குதிரைவீரர்களோடு வந்த மாவீரர் அமீர் துனோ பின் தலீல், தன் வாளை மணலில் ஊன்றி, “இங்கே ஓடு” என்றார். நதி ஓடியது.

மாஸ்தர் காதிர்தினோ இதை எழுதியது குலத்தலைவரும் பெரிய நிலக்காரருமான வடேரோ மெஹ்ராப் கானின் பிக்கப் வண்டியில், பின் சீட்டில் உட்கார்ந்து, ஜங்ஷாஹி ரயில்வே கேட் மூடியிருந்த இருபது நிமிஷத்துக்குள். மதியச் சாப்பாட்டுக்குள் முதல் பக்கம் கைக்கு வரவேண்டும் என்று வடேரோவின் உத்தரவு. மாஸ்தர் முப்பத்திரண்டு வருஷம் பூகோளப் பாடம் எடுத்தவர். நதிகள் ஏன், எப்படி ஓடுகின்றன என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் குல வரலாறு முடிந்தால் கறவை எருமை ஒன்று தருவதாகப் பேச்சு. எருமை கண்ணில் நிற்கும்போது பூகோளம் எங்கே நிற்கும்?

அந்தப் பக்கத்தை முதலில் படித்த வெளியாள் ஸபூரான். சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியை அவள். மாஸ்தரின் பேரக்குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, சுண்டுவிரலில் மை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, மாஸ்தர் காகிதக் கட்டை நீட்டினார்.

“படிச்சுப் பாரு மகளே. நம்ம குலத்தோட கதை. கண்ணுல தண்ணி வரும்.”

நதி ஓடிய இடத்தில் ஸபூரானுக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் சிரிப்பு நின்றது. மரணப்படுக்கையில் அமீர் துனோ வாளின் மேல் கை வைத்து மூன்று சட்டங்கள் சொன்னாராம். முதல் சட்டம், துனேரோ முதுகு காட்டி ஓட மாட்டான். இரண்டாவது, துனேரோ விருந்தாளியைப் பட்டினி போட மாட்டான். மூன்றாவது, துனேரோ மகளுக்கு ஒட்டகம் உண்டு, நகை உண்டு, மானம் உண்டு, நிலம் கிடையாது.

“இதை அமீர் எப்ப சொன்னாரு, மாஸ்தர் சாயீன்?”

“எண்ணூறு வருஷம் இருக்கும்.”

ஸபூரான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மூன்றாம் சட்டத்தின் மை அதில் நீலமாக ஒட்டியிருந்தது.

“எண்ணூறு வருஷமாவா காயாம கிடக்கு?”

மாஸ்தர் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஊதினார்.

“எங்கப்பா செத்து மூணு வாரம் ஆகுது. முதல் ரெண்டு சட்டத்து மை காஞ்சிருக்கு. மூணாவது மட்டும் ஈரம். யாரு சொல்லி எழுதினீங்க?”

“வரலாறுன்னா அப்படித்தான் மகளே. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஞாபகம் வரும்.”

“யாருக்கு? உங்களுக்கா, வடேரோவுக்கா, எருமைக்கா?”

உள்ளே அவர் மனைவி வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஸபூரானின் அப்பா ஜுமோவுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள். விட்டுப்போனது ஊருக்கு வடக்கே மேட்டுநிலம் எட்டு ஏக்கர், அதன் நடுவில் அவர் கையால் வெட்டிய கிணறு. அந்த நிலத்தில் சோளத்தைத் தவிர ஒன்றும் விளைந்ததில்லை, சோளமும் சில வருஷம்தான். போன வருஷம் வரை அதை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறகு காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் வந்து, அந்த மேட்டில் நின்று துணிக்கொடியைப் பறக்கவிட்டு அளந்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மேடு பிழைத்தது, ஸபூரான் தொலைந்தாள். இஸ்லாமிய மார்க்கச் சட்டப்படி பாதி நிலம் அவளுடையது, மீதி சித்தப்பா மகன்களுடையது. சித்தப்பா மகன்கள் தங்கள் பாதியை வடேரோவிடம் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பாதிக்கு மோட்டார் சைக்கிள் போதாது என்று வடேரோவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதனால் ஹலபிலிருந்து ஒரு மூதாதையை வரவழைத்திருந்தார்.

“மேர் போ” என்றார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். கொலைப்பழி, வெட்டுக்குத்து என்று பெரிய பகை முற்றும்போது, தப்புச் செய்த வீட்டுப் பெண்கள் கூட்டமாக எதிராளி வாசலில் போய் முக்காட்டை விலக்கி நிற்பார்கள். அதற்குப் பேர் மேர். அப்படி வந்து நிற்கும் பெண்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அந்த வீட்டு ஆண்கள் ஊரில் தலை காட்ட முடியாது. எத்தனையோ ரத்தப் பகை அந்த ஒரு வழக்கத்தால் நின்றிருக்கிறது.

“நான் எதுக்குப் போகணும்? மன்னிப்புக் கேக்கறதுக்குத்தானே மேர்? நான் யாரைக் கொன்னேன்? எங்கப்பன் நிலத்தைக் கேட்டேன், அவ்வளவுதான். முக்காடு என் தலையில இருக்கும். என் தலையும் என் கழுத்துல இருக்கும்.”

வியாழக்கிழமை அவள் வடேரோவின் ஓதாக்குக்குப் போனாள். ஓதாக் ஆண்கள் உட்காரும் கூடம், பெண்கள் படியேறுவதில்லை. ஸபூரானும் ஏறவில்லை. செருப்பு கழற்றும் இடத்தில், செருப்போடு நின்றாள். உள்ளே முப்பது பேர் கயிற்றுக் கட்டில்களில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கட்டிலில் மூன்று தலையணை அணைப்பில் வடேரோ மெஹ்ராப் கான். மீசைக்குச் சாயம் போட்ட அன்று தலைக்குப் போட மறந்திருந்தார்.

“சாயீன், எங்கப்பா நிலத்துல என் பாதியைப் பதிவுல ஏத்தணும். நிலப் பதிவு எழுதற தபேதார் உங்க சொல்லுக்காகக் காத்திருக்கேன்னு சொல்றாரு.”

வடேரோ பெருமூச்சு விட்டார். அவருக்குப் பெருமூச்சு நன்றாக வரும்.

“நீ எனக்கு மக மாதிரி. என் கையில இருந்தா எட்டு ஏக்கரையும் இப்பவே தந்திருவேன். ஆனா இது என் சட்டமா? அமீர் துனோ போட்ட சட்டம். அதை மீற நான் யாரு?”

“மார்க்கம் போட்ட சட்டத்தை மீறலாம், அமீர் போட்டதை மீறக்கூடாதா?”

கட்டில்களில் சலசலப்பு. ஒரு கிழவர் தேநீரை மடியில் ஊற்றிக்கொண்டார்.

“வாய் நீளுது பொண்ணு” என்றான் அவள் சித்தப்பா மகன்.

“நிலம் சுருங்குதுல்ல, வாயாவது நீளட்டும். சாயீன், அமீர் அப்படிச் சொன்னதுக்கு என்ன சாட்சி? மாஸ்தரோட பேனாவைத் தவிர?”

அங்கேதான் வடேரோ சறுக்கினார். கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண் சாட்சி கேட்டுவிட்டாள். மூன்று தலையணையையும் தள்ளிவிட்டு எழுந்தார்.

“சாட்சியா? அமீரோட கபரே சாட்சி! எங்க பாட்டனாரு சொல்லியிருக்காரு, கல்லறைச் சுண்ணாம்புக்கு அடியில கல்லுல செதுக்கின குதிரை இருக்கு, வாள் இருக்கு, தலைப்பாகை இருக்குன்னு. இந்த வருஷ மேளாத் திருவிழாவுக்கு நான் சுண்ணாம்பைச் சுரண்டப் போறேன். புஸ்தகத்து அட்டையில அந்தக் கல்லுதான் வரப்போகுது. வா, எல்லாரும் வாங்க. கல்லு என்ன சொல்லுதோ அதுதான் என் தீர்ப்பு!”

“கல்லு என்ன சொல்லுதோ அதுவா?”

“அதுதான்! துனேரோவுக்குச் சொல் ஒண்ணுதான்.”

முப்பது பேரும் சபாஷ் சொன்னார்கள். ஸபூரான் வாசலிலிருந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஊருக்குக் கிழக்கே கல்மேட்டில் இருக்கிறது துனேரோக்களின் இடுகாடு. மஞ்சள் கல்லைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, பூவும் கட்டமும் செதுக்கிய பழைய கல்லறைகள். நடுவில் உயரமாக நிற்பது அமீருடையது. அதற்கு மட்டும் ஒவ்வொரு மேளாவுக்கும் இரண்டு பூச்சு சுண்ணாம்பு, மேலே சிவப்பும் நீலமுமாக அச்சிட்ட அஜ்ரக் துணிகள் போர்வை. எத்தனை தலைமுறைப் பூச்சோ, கல் இருந்த இடத்தில் வெண்ணெய் உருண்டை இருந்தது. துனேரோ குலத்தில் மருமகளாக வரும் ஒவ்வொரு பெண்ணும் புகுந்த வீட்டுப் படி மிதிக்கும் முன்னால் அங்கே போய் ஒரு கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வருவாள். குலத்துக்குள்ளேயே கல்யாணமான ஸபூரானும் வைத்தாள். அவள் புருஷன் மூன்று வருஷத்தில் கராச்சித் துறைமுகத்தில் கிரேன் விழுந்து செத்துப்போனான். வளையல் இன்னும் அங்கே எங்கோ மண்ணில் கிடக்கிறது. ஒரு படைத்தலைவனுக்கு எதற்கு வளையல் என்று யாரும் கேட்டதில்லை. மாஸ்தர் மட்டும் நூலில் எழுதியிருந்தார்: ‘பெண்குலத்தின் காவலர் என்பதால்.’

சுரண்டுவதற்கு மக்லியிலிருந்து கல்தச்சர் பச்சலை வரவழைத்தார்கள். நாற்பது வருஷமாகப் பழைய கல்லறைகளைப் பழுதுபார்ப்பவர். ஈரச் சாக்கைப் போட்டு ஊறவைத்து, மரக்கரண்டி போன்ற ஒன்றால் கல்லுக்கு வலிக்காமல் சுண்ணாம்பை எடுப்பார். முந்தின நாளே வந்து கல்லைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வடேரோவிடம் ஒரே கேள்வி கேட்டார்.

“சாயீன், தலைமாட்டுல தலைப்பாகைக் கல்லு இல்லையே?”

“பகைவர்கள் உடைச்சிட்டாங்க” என்றார் வடேரோ.

“உடைச்ச தடம் கூட இல்லையே.”

“நல்ல பகைவர்கள்” என்றார் மாஸ்தர்.

பச்சல் சாக்கை நனைக்கப் போய்விட்டார். பெண்கள் பக்கமிருந்து தண்ணீர்க்குடம் கொண்டுவந்த ஸபூரானிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “அதி, நாளைக்கு முன்னாடி வரிசையில நில்லு.” அதி என்றால் அக்கா, அவருக்கு அவளைவிட இருபது வயது கூட.

மேளா அன்று மேடு நிறைந்திருந்தது. டோல் மேளம் அடிப்பவர்கள், குதிரைக்காரர்கள், பிரியாணி அண்டாக்கள், தட்டா நகரத்திலிருந்து வந்த போட்டோக்காரர். வடேரோ புதுத் தலைப்பாகையில், கல்லறைக்கு நேர் எதிரே நாற்காலியில். பக்கத்தில் நோட்டுப் புத்தகமும் கையுமாக மாஸ்தர். பெண்கள் தூரத்தில் ஒரு சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். ஸபூரான் சரிவின் முன்வரிசையைத் தாண்டி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே யாருடைய இடமும் இல்லாத இடத்தில் நின்றாள். போ என்று சொல்ல வாய் எடுத்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடினார்கள்.

பச்சல் கால்மாட்டிலிருந்து தொடங்கினார். சுண்ணாம்பு பட்டை பட்டையாக விழுந்தது. முதலில் வட்டமாக ஒரு பூ.

“கேடயம்!” என்றார் வடேரோ. மாஸ்தர் ‘கேடயம்’ என்று எழுதினார். டோல் முழங்கியது.

அடுத்த பலகையில் வரிசையாக வளையங்கள்.

“இரும்புச் சட்டை! வளையம் வளையமா கோத்த போர்ச் சட்டை!”

மாஸ்தர் எழுதினார். கூட்டம் கை தட்டியது. பச்சல் சுரண்டிக்கொண்டே போனார். வளையங்கள் ஆறு ஆறாக, நடுவே ஒரு கை அகலம் விட்டு, இரண்டு அடுக்காக வந்தன. போர்ச் சட்டைக்கு நடுவே கை அகலம் ஏன் என்று டோல்காரர்களில் ஒருவருக்குத் தோன்றியிருக்கவேண்டும்; அடி தளர்ந்தது.

அதற்கு மேலே பச்சல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். ஒரு கழுத்தாரம். ஏழு சரம், ஒவ்வொரு மணியும் தனித்தனியாக. அதற்கு இரண்டு பக்கமும் தொங்கும் காதணிகள், கீழே மணி மணியாகக் குஞ்சம்.

டோல் நின்றது.

வடேரோ மாஸ்தரைப் பார்த்தார். மாஸ்தர் நோட்டைப் பார்த்தார். பேனா எழுதவில்லை.

“இது என்னது?” என்றார் வடேரோ.

பச்சல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“சாயீன், நாற்பது வருஷமா இந்த வேலை. ஆம்பளை கபர்னா தலைமாட்டுல தலைப்பாகை, பக்கத்துல குதிரை, வாள். பொம்பளை கபர்னா நகை. இது நகை.”

சரிவில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகை போல இருந்தது. அழுகை இல்லை.

மாஸ்தர் முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தையும் திரட்டி எழுந்தார். “சகோதரர்களே! இது போர்க் கொள்ளை! அமீர் பகை ராஜாவின் அந்தப்புரத்திலிருந்து வென்றெடுத்த நகைகளை நன்றியோடு கல்லில்...”

“மாஸ்தர் சாயீன்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல், “கொள்ளையடிச்சதை மாட்டிக்கிட்டா படுத்திருக்காரு அமீர்?”

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. பிரியாணி கிண்டுபவர்கள் கரண்டியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

ஸபூரான் சிரிக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, அவள் மேல் சுண்ணாம்பைப் பூசி, அந்தச் சுண்ணாம்புக்கு மீசை வைத்து, அந்த மீசையின் வாயால் பெண்ணுக்கு நிலம் இல்லை என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். பொய் சொன்னாலும் சொன்னார்கள், சொந்தக் குலத்துத் தாயின் நெஞ்சில் ஏறி நின்றா சொல்லவேண்டும்?

“சாயீன்!” குரல் அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. “கல்லு பேசிடுச்சு. முப்பது பேருக்கு முன்னாடி சொன்னீங்க, கல்லு சொல்றதுதான் தீர்ப்புன்னு. இந்தக் குலத்தோட தலை ஒரு பொம்பளை. இந்த மேடு முழுக்க அவ நிலம். அதுல நீங்க உட்காந்திருக்கீங்க. எனக்கு என் பாதியைக் கொடுங்க.”

வடேரோவின் முகம் மீசைச் சாயத்தின் நிறத்துக்கு வந்தது. “தப்பான கபரைச் சுரண்டிட்டாங்க!” என்றார். “அமீரோடது பக்கத்துல இருக்கிறது. பச்சல், அதைச் சுரண்டு!”

பக்கத்தில் இருந்தது, பெரிய கல்லறையிலிருந்து தெறித்த சுண்ணாம்பு தலைமுறை தலைமுறையாக அப்பிய முழங்கால் உயரக் கல்லறை. பச்சல் அதற்கும் சாக்கை நனைத்துப் போட்டார். அரைமணி நேரம் யாரும் பிரியாணியைத் தொடவில்லை. அதில் தலைப்பாகை இருந்தது. சின்னத் தலைப்பாகை. குதிரை இல்லை, வாளும் இல்லை.

“இதோ!” என்று வடேரோ கத்தினார். “தலைப்பாகை!”

“ஆமா சாயீன்” என்றார் பச்சல். “அந்தம்மா புருஷன்.”

தீர்ப்பு நாற்பது நாள் ஒத்திவைக்கப்படுகிறது என்று வடேரோ அறிவித்தார். அறிவிப்பு அவருக்கே கேட்டிருக்காது. அஜ்ரக் துணிகளை அவசர அவசரமாகக் கல்லின் மேல் போட்டார்கள். ஸபூரான் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று மாலையே சொட்டு மருந்துச் சுற்று இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சுற்றை முடித்துவிட்டு வந்து அவள் முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. வடேரோவின் அம்மா பீபி ஹூர், இரண்டு மருமகள்கள், கல்யாணமான ஒரு மகள். நான்கு பேரும் முக்காட்டை விலக்கினார்கள்.

ஸபூரான் கையில் சோப்பு நுரை. எழுந்திருக்கக்கூட மறந்துபோனாள்.

“மேர் வந்திருக்கோம் மகளே” என்றாள் பீபி ஹூர்.

“எனக்கா? யாரைக் கொன்னீங்க?”

“இன்னும் யாரும் சாகலை. என் மகன் சாப்பிடாம படுத்திருக்கான். மேட்டுல பாத்தவங்க அவனுக்குப் பயந்து வாயை மூடிக்குவாங்க. நீ பயப்படாதவ, எல்லா வீட்டுக்கும் போறவ. வாயைத் திறக்காத. புஸ்தகம் அச்சுல இருக்கு, தட்டா வரைக்கும் அழைப்பு போயாச்சு. அவன் மானத்தைக் காப்பாத்து.”

“எனக்கு நிலம் கிடையாதுன்னு எழுதும்போது என் மானத்தை யாரு நினைச்சாங்க பீபி? எங்கப்பன் செத்த ஈரம் காயறதுக்குள்ள எனக்குச் சட்டம் எழுதினாங்களே, அப்ப யாராவது முக்காட்டை விலக்கிட்டு என் வாசலுக்கு வந்தாங்களா?”

பீபி ஹூர் வெறுந்தலையோடு நின்றாள். நரைத்த கூந்தல் வெயிலில் தெரிந்தது. மேர் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது, அது ஸபூரானுக்கும்தான். அந்த வழக்கத்தின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

“சரி. என் நாலு ஏக்கரும் கிணறும் என் பேருல ஏறட்டும். தபேதார் இந்த முற்றத்துல உட்காந்து எழுதட்டும். மூணாவது சட்டம் புஸ்தகத்துல இருக்கக்கூடாது. அப்புறம் என் வாய் திறக்காது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பீபி ஹூர் முக்காட்டைப் போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது வாசலில் ஒரு கணம் நின்றாள்.

“நானும் ஒரு வளையல் வெச்சேன் அங்க. அம்பத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரு ஆம்பளைக்கு எதுக்கு வளையல்னு அன்னிக்கே நெனச்சேன். கேக்கலை.” பிறகு மருமகள்களைப் பார்த்து, “நடங்கடி” என்றாள்.

தபேதார் மறுநாள் வந்தார். பதிவேட்டில் எழுதினார், தேநீர் குடித்தார், போனார். ஸபூரானும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்த முற்றத்தில் வாக்குக் கொடுத்த நிமிஷத்திலிருந்து கல்லறையைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முந்தின மாலையும் அன்று காலையுமாக அவள் முப்பத்தொரு வீட்டில் சொட்டு மருந்து கொடுத்து முடித்திருந்தாளே, அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நூல் வெளிவந்தது. நதி அமீர் சொன்ன திசையில்தான் ஓடுகிறது. சட்டங்கள் இரண்டுதான். மாஸ்தருக்கு எருமை வந்தது, கறக்கவில்லை. அட்டையில் மாவீரர் அமீர் துனோவின் கல்லறை, பதினோரு அஜ்ரக் போர்த்தி.

கால்மாட்டில் ஒரு மூலையில் துணி நழுவியிருக்கிறது. அங்கே ஆறு வளையல்கள் தெரிகின்றன.